எடைக்கு ஏற்ற அளவு

என் பூனைக்கு மேனேஜர் என்று பெயர். வைத்தது அக்கா. வேலை ஒன்றும் செய்யாமல், காலையில் எழுந்து எல்லா அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எதிலும் திருப்தி இல்லாத முகத்தோடு போய்ப் படுத்துக்கொள்கிறவனை வேறு என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டு, ஆறு வருடம் குப்பை கொட்டிவிட்டு, ஒரு பெட்டியும் ஒரு கூடையுமாக அவளிடம் வந்து சேர்ந்தேன். கூடைக்குள் மேனேஜர் இருந்தான். அந்த வீட்டிலிருந்து எனக்கு வேண்டும் என்று சண்டை போட்டு நான் வாங்கி வந்தது அவன் ஒருவனைத்தான். பீரோ, கட்டில், பாத்திரம் எல்லாவற்றையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்குத் தலைமை நர்ஸ். முப்பத்தோரு வருட சர்வீஸ். அவள் கையால் ஒரு குழந்தைக்கும் ஒரு சொட்டு மருந்து கூடுதலாகவோ குறைவாகவோ போனதில்லை. இதை அவளே சொல்லிக்கொள்ள மாட்டாள், மற்றவர்கள் சொல்லும்போது தடுக்கவும் மாட்டாள். 'குழந்தைக்கு மருந்து வயசுக்கு இல்ல, எடைக்கு' என்பது அவள் வாயில் தினமும் நாலு தடவையாவது வரும். அவள் வார்டில் ஒரு சட்டம் உண்டு. மருந்தின் அளவை ஒருத்தி கணக்குப் போட்டு எழுத வேண்டும். இன்னொருத்தி அதைப் பார்க்காமல் தனியாகப் போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பாட்டிலைத் தொடலாம்.

வீட்டில் அந்த இன்னொருத்தி நான். பள்ளிக்கூடப் புத்தகங்கள் அடிக்கிற அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். கணக்குப் புத்தகங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். எண் தப்பாக இருந்தால், பக்கத்தைத் திருப்பும்போதே என் கண்ணில் குத்திவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால்கூட, அக்கா ஒரு பக்கம் கணக்குப் போடுவாள், நான் ஒரு பக்கம் போடுவேன், அந்தப் பிள்ளையின் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் பீரோ மேலிருந்து குதித்தபோது கணக்குத் தப்பி, முன்னங்கால் மடங்கி விழுந்தான். காலைத் தரையில் ஊன்றவே இல்லை. சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். தொட்டால் உறுமினான். இரண்டு தெரு தள்ளி இருக்கும் மிருக டாக்டர் கிளினிக்கில் மறுநாள் பதினொரு மணிக்குத்தான் திறப்போம் என்று எழுதி மாட்டியிருந்தார்கள்.

"அதுவரைக்கும் புள்ள வலியில கெடக்கணுமா?" என்றாள் அக்கா, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு. இரவெல்லாம் அவளும் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. மேனேஜரை அவள் செல்லமாக ஒரு வார்த்தை கொஞ்சி நான் கேட்டதில்லை. ஆனால் அவனுக்கு ஒன்று என்றால் என்னைவிட அவள்தான் முதலில் எழுந்திருப்பாள்.

எடை பார்க்கும் மெஷினைக் கூடத்தில் போட்டாள். முதலில் தான் மட்டும் ஏறினாள். பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

"உன் எடைய எங்கிட்ட சொல்லாத. பயந்துடுவேன். வித்தியாசத்த மட்டும் சொல்லு" என்றேன்.

"வாய மூடுடி. நாலு கிலோ இருநூறு."

பூனையை என்னிடம் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து பாராசிட்டமால் சிரப்பை எடுத்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்காக எப்போதும் ஒரு பாட்டில் வைத்திருப்பாள். நாலு கிலோ என்றால் அவளுக்குக் கைக்குழந்தை. கைக்குழந்தைக்கு என்ன கணக்கோ அந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டு, மடித்து வைத்துக்கொண்டு, "உன்னோடத சொல்லு" என்றாள்.

நான் போட்டேன். கிலோவுக்குப் பதினைந்து என்றால் அறுபத்து மூன்று மில்லிகிராம். பாட்டிலில் ஒரு மில்லிக்கு இருபத்தைந்து. பாட்டிலில் அச்சடித்திருந்ததை இரண்டு தடவை படித்தேன். காலாவதித் தேதியையும் பார்த்தேன். இன்னும் ஒரு வருடம் இருந்தது.

"ரெண்டரை மில்லி."

"எனக்கும் அதே." காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள். "சரியா?"

"சரி" என்றேன்.

மருந்து உள்ளே போனதும் மேனேஜர் நுரை தள்ளி, எங்கள் இரண்டு பேரையும் வேலையை விட்டே தூக்கப்போவதுபோல் ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஜன்னலோரம் போய்ச் சுருண்டு படுத்தான். ஒரு மணி நேரத்தில் நன்றாகத் தூங்கிப்போனான். அக்கா திருப்தியாகத் தலையாட்டினாள்.

"பாத்தியா? வலி கேட்டிருக்கு. அதான் தூங்கறான்."

பதினொரு மணிக்குக் கிளினிக் போவதாக இருந்தது. தூங்குகிறவனை எழுப்பிக் கூடையில் போட்டு அலைக்கழிப்பானேன், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். நாலு மணி நேரம் கழித்து, பத்தரைக்கு, இன்னொரு ரெண்டரை மில்லி. இந்த முறை அவன் திமிறவில்லை. அதையும் நல்லதென்றே எடுத்துக்கொண்டோம்.

பன்னிரண்டே கால் இருக்கும். துணி மடித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தேன். மேனேஜரின் முகம் அவன் முகமாக இல்லை. கன்னங்கள் வீங்கி, கண்கள் இடுங்கிப்போயிருந்தன. வாயோரம் எச்சில் வழிந்தது. வயிறு வேகவேகமாக ஏறி இறங்கியது. "அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் அடுப்பை அணைத்த கையோடு ஓடி வந்தாள். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சேற்று நிறமாக இருந்தது.

"கூடைய எடு" என்றாள்.

கிளினிக் டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். தலைமுடியைப் பென்சிலால் கொண்டை போட்டிருந்தார். மேனேஜரை ஸ்டீல் மேசையில் கிடத்தியதும் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஆக்ஸிஜன் குழாயை அவன் மூக்கருகே பிடித்தபடி கேட்டார்.

"எலி மருந்து, பூச்சி மருந்து ஏதாவது தின்னுச்சா?"

"இல்ல டாக்டர்" என்றோம் இருவரும்.

"செடி? வீட்டுக்குள்ள பூந்தொட்டி?"

"இல்ல."

"நீங்களா மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

அக்கா நிமிர்ந்தாள். "நான் குழந்தைங்க வார்டு நர்ஸ், டாக்டர். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். தப்பா எதுவும் குடுக்க மாட்டேன்."

அக்கா பொய் சொல்லவில்லை. தப்பாக எதுவும் கொடுக்கவில்லை என்று மனசாற நம்பினாள். நானும் நம்பினேன். எடைக்கு ஏற்ற அளவு, ரெண்டு பேர் பார்த்தது. அது எப்படி விஷமாகும்? டாக்டரும் அதை 'இல்லை' என்றே எடுத்துக்கொண்டார். பாம்போ தேளோ கடித்திருக்குமோ என்று மயிரை விலக்கி விலக்கித் தேடினார். பத்து நிமிடம் அதில் போயிற்று. மேனேஜர் வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தான். பூனை அப்படி மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை.

"ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்" என்றார் டாக்டர்.

ஊசியில் ஏறியது சிவப்பாக இல்லை. பால் கலக்காத காப்பி நிறத்தில் இருந்தது.

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வார்டுக்கு எப்போதோ ஒரு கைக்குழந்தை வந்ததாம். கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஏதோ உப்பால் அதன் ரத்தம் இந்த நிறத்துக்கு மாறியிருந்ததாம். உடம்பில் ஓடிக்கொண்டிருந்தும் மூச்சுக்காற்றைச் சுமக்க முடியாமல் போன ரத்தம். இதையெல்லாம் அவள் பிற்பாடு சொன்னாள். அப்போது சொன்னது ஒன்றுதான்.

"டாக்டர், நான் பாராசிட்டமால் குடுத்தேன்."

டாக்டரின் கை ஒரு நொடி நின்றது. கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"எவ்வளவு? எத்தனை மணிக்கு?"

"ஆறு முப்பதுக்கு அறுபத்து மூணு மில்லிகிராம். பத்து முப்பதுக்கு மறுபடி அறுபத்து மூணு. நாலு கிலோ இருநூறு எடை."

"இவ்வளவு கரெக்டா யாரும் சொன்னதில்ல" என்றார் டாக்டர், ஆக்ஸிஜனைக் கூட்டிக்கொண்டே. "கணக்கெல்லாம் சரிதான்மா. குழந்தைக்கு. பூனையோட ஈரலுக்கு இந்த மருந்த உடைச்சு வெளிய தள்ளவே தெரியாது. உள்ள போனது அப்படியே விஷமாகிடும். கால் மாத்திரையே சில பூனைக்கு எமன். இது மட்டுமில்ல, நம்ம வீட்டுல இருக்கற எந்த வலி மாத்திரையும் அதுங்களுக்கு ஆகாது."

"விஷத்துக்கு மாத்து மருந்து?" அக்காவுக்குப் பதில் தெரியும். கேள்வியாகக் கேட்டாள், அவ்வளவுதான்.

"மனுஷங்களுக்குப் போடறதேதான். ஆனா எங்கிட்ட தீந்துபோச்சு. சொல்லி வெச்சிருக்கேன், நாளைக்குத்தான் வரும். நாளைக்கு வரைக்கும் இது தாங்காது."

அக்காவின் வார்டு அலமாரியில் அந்த மருந்து எப்போதும் இருக்கும். தவறிப்போய் மாத்திரையை அள்ளி விழுங்கிய குழந்தைகளுக்காக வைத்திருப்பார்கள். கொண்டுவந்து சேர்க்கும் அம்மாக்களை அக்கா வாசலிலேயே நிறுத்தி, 'என்ன குடுத்தீங்க, எவ்வளவு குடுத்தீங்க, ஒண்ணையும் மறைக்காதீங்க' என்று உலுக்கி எடுப்பாள் என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

போனை எடுத்து வார்டுக்கு அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், ஏனென்றால் இன்னொரு கையால் மேனேஜரின் தலையைத் தாங்கியிருந்தாள். டியூட்டியில் இருந்தது கண்ணாடி போட்ட சிஸ்டர். ஒரு தசமப் புள்ளியைத் தள்ளி வைத்ததற்காக எல்லார் முன்னாலும் அக்கா அவளைப் பத்து தடவை கணக்குப் போட வைத்த கதை எங்கள் வீட்டில் பிரசித்தம்.

மருந்தின் பெயரைக் கேட்டதும் அவள் குரல் மாறியது. "எந்தக் குழந்தை சிஸ்டர்? என்ன வயசு? யாரு குடுத்தது, அவங்கம்மாவா?"

அக்கா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தெரிந்தவர் வீட்டுக் குழந்தை என்று சொல்லியிருந்தால் யாரும் குடைந்து கேட்டிருக்க மாட்டார்கள். 'சொல்லித் தொலையேன்' என்று எனக்கே மனசுக்குள் இருந்தது.

"குழந்தை இல்லமா. பூனை. குடுத்தது நான்தான்."

போனில் ஏதோ ஒரு குழந்தை அழுவது மட்டும் கேட்டது.

"டாக்டர் சீட்டு எழுதித் தராங்க. என் தங்கச்சி வருவா. பார்மசியில பில் போட்டு வாங்கிக் குடுத்துடு" என்றாள் அக்கா.

"அனுப்புங்க சிஸ்டர். நான் கீழ வந்து நிக்கறேன்."

அக்காவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கிளம்புவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். வாசல்வரை வந்து சாவியைக் கையில் கொடுத்தவளிடம், "முப்பத்தோரு வருஷம் அங்க என்னதான் கிழிச்ச நீ?" என்று கேட்டேன். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. அது பெருமை இல்லை, தெரியும்.

கண்ணாடி சிஸ்டர் ஆஸ்பத்திரி வாசலிலேயே மருந்துப் பொட்டலத்தோடு நின்றிருந்தாள். பணத்தைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அவள் முகத்தில் ஒரு இளக்காரம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவள் அழாத குறையாக இருந்தாள்.

"நம்பவே முடியல அக்கா. எங்க சிஸ்டர் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட அளவு தப்பாது. வீட்டுல ரெண்டாவதா பாக்க ஆள் யாரும் இல்லையா?"

அந்தக் கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. அவள் பழக்கம் அப்படி, அக்கா பழக்கிய பழக்கம்.

"இல்ல" என்றேன். ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் அந்த 'இல்ல' எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவசரத்தில் வாயில் வந்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அவசரத்தில் உண்மைதான் வாயில் வரும், பொய்க்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நான் யோசித்தேன். ஒரு கண் சிமிட்டும் நேரம், ஆனால் யோசித்தேன்.

டாக்டர் மருந்தைக் கரைத்து, மெல்ல மெல்ல நரம்பில் ஏற்றினார். மேனேஜரை மூடி போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்து, அதற்குள் ஆக்ஸிஜனை விட்டார். அழுகிய முட்டை வாடை அடித்தது, அந்த மருந்தின் வாடை அதுதானாம். அக்காவை உள்ளேயே இருக்கச் சொன்னார், ஒரு கை கூட இருந்தால் உதவியாக இருக்கும் என்று. அக்கா மாட்டேன் என்றுவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள், யாரோ தங்கள் கைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனதுபோல.

அந்த பெஞ்சில் நாங்கள் அன்று சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தோம். மறுநாள் நான் அச்சகத்துக்கு லீவு சொன்னேன். அவள் வார்டுக்கு லீவு சொன்னாள், சர்வீஸில் இரண்டாவதோ மூன்றாவதோ முறையாக. ஒருவருக்கொருவர் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. டாக்டர் கதவைத் திறக்கும்போதெல்லாம் இருவரும் ஒன்றாக எழுந்தோம், ஒன்றாக உட்கார்ந்தோம்.

திங்கட்கிழமை மத்தியானம் டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். மேனேஜரின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு வெளிறிப்போய்த்தான் இருந்தது. ஆனால் அந்தச் சேற்று நிறம் இல்லை. "கண்டம் தாண்டிடுச்சுன்னுதான் நினைக்கறேன்" என்றார். "ஈரல இன்னும் ரெண்டு நாள் பாக்கணும். அப்புறம் கூட்டிட்டுப் போங்க. காலு வெறும் சுளுக்குதான்."

வெறும் சுளுக்கு. ரெண்டு நாளில் தானாகவே சரியாகியிருக்கும். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது, அடக்கிக்கொள்ளவும் இல்லை. அக்கா என் தோளைத் தொட வந்தவள், என்ன நினைத்தாளோ, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். முப்பத்தோரு வருடமாக எத்தனையோ குழந்தைகளைத் தூக்கிய கை. என் தோளைத் தொடப் பயந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை தெருவில் நின்று கேட்ட கேள்வியின் லட்சணம் எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

வெளியே பெஞ்சுக்கு வந்ததும் கேட்டேன்.

"டாக்டர்கிட்ட ஏன் நான் நான்னே சொன்ன?"

"நான்தானே குடுத்தேன்."

"கணக்குச் சரின்னு சொன்னது யாரு? பாட்டில ரெண்டு தடவ படிச்சது யாரு? உன் வார்டுல ரெண்டு பேரும் ஒத்துப்போனாத்தானே குடுப்பீங்க? நான் அன்னைக்கு 'அக்கா, இது பூனையாச்சே'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நீ குடுத்திருப்பியா?"

"மாட்டேன்" என்றாள். யோசிக்காமல் சொன்னாள்.

"அப்புறம் என்ன? தெருவுல வெச்சு உன்ன அப்படிக் கேட்டேனே, அப்பவாவது 'நீயுந்தானடி பாத்த'ன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அவன் உன் பூனைடி. பொழைக்கலன்னா என்ன பண்ணுவ? கோவப்படறதுக்காவது உனக்கு ஒரு ஆள் வேணாமா? உன்னையே நீ திட்டிக்கிட்டு எத்தன நாள் உக்காந்திருப்ப? என்னத் திட்டினா எனக்கு ஒண்ணும் ஆயிடாது."

நான் தப்பித்துக்கொள்ள 'இல்ல' என்று சொன்ன அதே மத்தியானம், இவள் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

போனை எடுத்தேன். வார்டு நம்பர் எனக்கு மனப்பாடம். நல்லவேளை, கண்ணாடி சிஸ்டரே எடுத்தாள்.

"சிஸ்டரோட தங்கச்சி பேசறேன். பூனை பொழைச்சிடுச்சு."

"அப்பாடா! நாங்க எல்லாரும்—"

"ஒரு நிமிஷம்மா. நேத்து நீ ஒண்ணு கேட்ட. வீட்டுல ரெண்டாவதா பாக்க ஆள் இல்லையான்னு."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "எதுக்குடி இப்ப அதெல்லாம்" என்று போனைப் பிடுங்க வந்தாள். அவள் கையை அப்படியே என் கைக்குள் இறுக்கிப் பிடித்து, என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"இருந்தேன்" என்றேன். "நான் இருந்தேன். பாத்துட்டு, சரின்னு சொன்னதே நான்தான்."